வில்லனைத் திருத்தும் தீர்மானம்

ஒரு கெட்டவனை நல்லவனாக்க என்ன செய்யலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வேறு எது வேண்டுமானாலும் செய்யுங்கள், பொதுக்குழுவில் தீர்மானம் மட்டும் போடாதீர்கள் என்பேன். எங்கள் தெருவில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லாரும் கை தூக்கினார்கள், மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. கெட்டவன்தான் திருந்தவில்லை.

கெட்டவன் என்பது காகிதத்தில் வரைந்த ஆள். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக் குழந்தைகளுக்காக மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்த படக்கதையின் வில்லன். அவன் கதையைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நாலு வீடுகள் சேர்ந்தாற்போல் இருந்தால் அங்கே ஒரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் இருக்கும். தெருவுக்குச் சாக்கடை வருவதற்கு முன்பே தலைவர் வந்துவிடுவார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே எங்கள் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, விதிமுறைகள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அரசாங்க அலுவலகத்தில் கடைசிவரை எனக்கு வேலை. அதனால் எனக்கு அது ஓய்வூதியத்தைவிடப் பெரிய பரிசாகப் பட்டது. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். யாரும் அதைப் படிக்கவில்லை. ஆனால் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். எத்தனை எழுத்தாளர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

சங்கத்துக்கு மாடியில் ஓர் அறை உண்டு. அதன் சாவியும், விசேஷங்களுக்கு வாடகைக்குப் போகும் அண்டாக்களும் ஜமக்காளங்களும் மடக்கு நாற்காலிகளும் என் பொறுப்பில் இருந்தன. அந்த அறையில்தான், சனிக்கிழமை மத்தியானங்களில், எதிர்ச் சாரியில் இருந்த ஒரு பெண்மணி குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள்.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். கிழக்கேகோட்டையில் ஒரு வங்கியில் வேலை. அவளுக்கு ஒரே மகள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் போல அந்தப் பெண்ணும் வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுவாள். அதுவரை யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனபோது, பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்து, "அம்மா, இது எந்தா எழுதியிருக்கு?" என்று மகள் உரக்கக் கேட்டிருக்கிறாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். தாயார் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே வகுப்பு ஆரம்பமாயிற்று.

முதல் வாரம் மிட்டாய் கொடுத்ததால் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் பாதிப் பேர் குளத்தங்கரையில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், அதுவும் கைதி மாதிரி. அதன்பிறகுதான் தாயார் படக்கதை வரையத் தொடங்கினாள். கல்லூரியில் கோலத்துக்கும் சித்திரத்துக்கும் பரிசு வாங்கியவள். இரண்டு பக்கம் வரைந்து, வங்கிக்குப் போகிற வழியில் போட்டோஸ்டாட் எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். படத்தில் இருப்பவர்கள் பேசுவது தமிழில் மட்டும் இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் எழுத்துக்கூட்டிப் படித்தே ஆக வேண்டும். வேறு வழி வைக்கவில்லை.

கதாநாயகன் பறக்கும் சைக்கிள் வைத்திருந்த ஒரு தபால்காரன். நல்ல பையன், நல்ல பல்வரிசை. ஒவ்வொரு மாதமும் வானத்திலிருந்து இறங்கி, "கவலைப்படாதீர்கள், நான் வந்துவிட்டேன்!" என்பான். இரண்டாவது இதழிலேயே குழந்தைகளுக்கு அந்த வாக்கியம் எழுத்துகளின் உருவம் பார்த்தே தெரிந்துபோயிற்று. அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

வில்லன் அப்படி இல்லை. அவனிடம் கத்தியும் துப்பாக்கியும் கிடையாது. உலகத்தில் எது நடக்க இருந்தாலும் அதைக் கேள்வி கேட்டு நிறுத்திவிடுவான். ஒரு தடவை, வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழையை விழிஞ்ஞத்திலேயே நிறுத்திவைத்தான். மேகங்களெல்லாம் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நிற்கின்றன. இவன் மேஜை போட்டு உட்கார்ந்து, "பெய்யப் போவது தூறலா, அடைமழையா? மூன்று பிரதிகள் தேவை" என்கிறான். இன்னொரு தடவை கோயில் யானையைத் தும்பிக்கையின் நீளத்துக்குச் சான்று கேட்டு வீதியில் நிறுத்தினான். மாதாமாதம் புதிதாக ஏதாவது கேட்பான். என்ன கேட்டான் என்று தெரிந்துகொள்ளக் குழந்தைகள் மண்டையை முட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். "மூ... ன்... று... பி... ர... தி..." என்று மாடியிலிருந்து கோஷ்டியாகக் கேட்கும். கிரிக்கெட் மட்டை குளத்தங்கரையில் அனாதையாகக் கிடந்தது.

சாவி என்னிடம் இருந்ததால் எனக்கும் ஒரு பிரதி வரும். நான் அதை ஆர்வமாகப் படித்தேன். தொழில் முறையில் சில குறைகள் கண்ணில் பட்டன. ஒரு நாள் சாவி வாங்க வந்தவளிடம் சொன்னேன்.

"வில்லன் 'அனுமதி கிடையாது'ன்னு நேரடியாச் சொல்றான். அது கத்துக்குட்டி வேலை. கிடையாதுன்னுட்டா எதிராளி மேல்முறையீட்டுக்குப் போயிடுவான். 'இன்னும் ஒரே ஒரு விவரம் வேணும்'னு கேக்கணும். அதைக் கொடுத்தா இன்னொண்ணு. அதுக்கு முடிவே கிடையாதாக்கும்."

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "மாமா, நீங்க சொல்லச் சொல்ல அந்த ஆள் அப்படியே கண்ணு முன்னால நிக்கறார்" என்றாள்.

என் விவரிப்புத் திறமையைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். அதன்பிறகு மாதாமாதம் நானே யோசனைகள் சொல்ல ஆரம்பித்தேன். வில்லன் நாளுக்கு நாள் மெருகேறினான். வழுக்கைத் தலை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, சட்டையின் பின்காலரில் மாட்டித் தொங்கும் குடை. எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு வழுக்கை, முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணாடி, குடையைக் காலரில் மாட்டாதவன் ஆண்பிள்ளையே இல்லை. ஆகையால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஓணத்துக்கு முந்தைய பொதுக்குழுவில், 'மற்றவை' என்ற தலைப்பு வந்தபோது, சங்கத் தலைவர் எழுந்தார். அவர் பாலங்கள் கட்டும் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அவர் கட்டிய பாலங்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

"நம்ம தெருவிலே ஒரு சீனியர் மெம்பரைக் குழந்தைகள் படக்கதையிலே வில்லனாப் போட்டுண்டிருக்கு. அவர் பெரிய மனசு பண்ணி ஒண்ணும் சொல்லாம இருக்கார். நாம வெறுதே பார்த்துண்டிருக்கறது மோசம், கேட்டேளா?" என்றார்.

யார் அந்தப் பாவப்பட்ட மனிதர் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் கண்ணாடி நெற்றிமேல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு குரல் வந்தது. படம் வரைகிறவள்தான். தலைவர் அவள் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் விசாரப்படாதே குழந்தே. கதையை நிறுத்தச் சொல்லலை. அடுத்த மாசத்திலேர்ந்து அவரை நல்லவரா ஆக்கிடு, அவ்வளவுதான். வில்லன் ஹீரோ ஆகப்படாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார்.

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பயனடைகிறவர் வாக்களிக்கக் கூடாது என்ற விதிப்படி நான் மட்டும் கை தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம பின்னே? பால்காரனுக்கே தெரியும்."

"நீ ஏன் சொல்லலை?"

"நீங்கதான் மாசாமாசம் போய் இன்னும் எப்படி மோசமாப் பண்ணலாம்னு பாடம் எடுத்துண்டிருந்தேளே. தெரிஞ்சுதான் பண்றேள்னு நினைச்சேன்" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய், வெகுநேரம் சிரித்தாள். பாத்திரங்களை ஓசைப்படுத்தி அதை மறைக்கவும் முயலவில்லை.

மறுநாள் அந்தப் பெண்மணி வரைபலகையோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. "மாமா, மன்னிச்சுடுங்கோ" என்றாள்.

"படமெல்லாம் நன்னாத்தான் இருக்கு. மூக்குதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"மூக்கைக் குறைச்சுடறேன். ஆனா நல்லவராக்கணுமே. எப்படி மாமா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் நாலு மாதம் விடை தேடினோம். படக்கதை எழுதுகிறவர்கள் வில்லனை ஏன் கடைசிவரை வில்லனாகவே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவர்களுடைய கல்நெஞ்சம் இல்லை. நல்லவனான வில்லனுக்கு வேலை கொடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

முதல் மாதம், திருந்திய வில்லன் ஐப்பசி மழையான துலாமழைக்கு உடனே அனுமதி கொடுத்தான். அது இரண்டாவது கட்டத்திலேயே முடிந்துபோயிற்று. மிச்சம் எல்லாக் கட்டங்களிலும் மழை பெய்தது. தபால்காரன் சைக்கிளில் வந்து இறங்கி, "கவலைப்படாதீர்கள், நான் வந்துவிட்டேன்!" என்றான். யாரும் கவலைப்படவில்லை. அவன் நனைந்துகொண்டு நின்றான். வில்லன் திருந்தியதில் முதலில் வேலை போனது ஹீரோவுக்குத்தான்.

அடுத்த மாதம் அதைச் சரிசெய்ய, வில்லனைக் குளத்தில் குதித்து ஒரு குழந்தையைக் காப்பாற்றச் செய்தாள். வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். உள்ளே பெரிய விவாதம்.

"குளத்தோட ஆழம் என்னன்னு கேக்காம எப்படிச் சாடினார்?"

"அதானே! குட்டியோட பர்த் சர்டிபிகேட்டும் கேக்கலை."

"இது அபிநயமாக்கும். அடுத்த மாசம் பாரு, காப்பாத்தினதுக்கு ரசீது கேப்பார்."

குழந்தைகளுக்கு ஒருவன் கெட்டவன் என்று நம்ப ஒரு கட்டம் போதும். நல்லவன் என்று நம்ப எத்தனை இதழ் வரைந்தாலும் போதாது. அவன் சிரித்தால் சதி என்றார்கள். மிட்டாய் கொடுத்தால் விஷம் என்றார்கள். மூன்றாவது இதழில் ஒரு கிழவிக்கு அவன் சாலையைக் கடக்க உதவினான். அவளை எங்கே கொண்டுபோகிறான் என்று கேட்டு ஒரு சின்னப் பையன் அழுதே விட்டான்.

காகிதத்தில் மட்டும்தான் இப்படியா என்று நான் நேரில் சோதித்துப் பார்த்தேன். தெருக்கோடியில் இருந்த ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு அண்டாவும் நாற்காலிகளும் கேட்டு வந்தார். வழக்கமாக என்றைக்கு வேண்டும், எப்போது திரும்பும், போன தடவை நசுங்கிய விளிம்புக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்பேன். அன்று ஒன்றும் கேட்கவில்லை. "எடுத்துண்டு போங்கோ. நல்லபடியா நடக்கட்டும்" என்றேன்.

அவர் போகவில்லை. "ஸார், ஏதாவது குழப்பம் உண்டா?" என்றார்.

"ஒண்ணுமில்லையே."

"அண்டாவிலே ஓட்டை கீட்டை?"

"இல்லை."

"பின்னே என்ன ஸார் பிரச்சினை?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார். அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்துத் தானே உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் அவர் மனைவி என் மனைவியிடம், "மாமாவுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். தெருவில் மூன்று வீடுகளிலிருந்து எனக்குக் கஷாயம் வந்தது.

இதற்குள் வகுப்பு கரையத் தொடங்கிவிட்டது. ஐப்பசியில் பன்னிரண்டு பேர் இருந்தது, கார்த்திகையில் ஏழானது. மார்கழியில் பழையபடி மகள் மட்டும். குளத்தங்கரையில் மறுபடியும் மட்டையும் பந்தும் சத்தம் போட்டன. படக்கதைத் தாள்களில் கப்பலும் விமானமும் செய்து விட்டார்கள். ஒன்று என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். வில்லன் புன்னகை புரிந்துகொண்டிருந்தான். நன்றாகவே இல்லை.

தலைவர் சும்மா இருக்கவில்லை. அது கம்ப்யூட்டர் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலம். எங்கிருந்தோ இரண்டு கம்ப்யூட்டர்களை நன்கொடையாக வாங்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் அறை காலியாகத்தானே கிடக்கிறது, தமிழ் வகுப்பை முடித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கலாம் என்று பொங்கல் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆள் வராத நிகழ்ச்சிக்கு அறை தரக் கூடாது என்று விதி இருந்தது. எழுதியவன் நான்.

அவள் அன்று சாயங்காலம் வங்கியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"மாமா, என் பொண்ணு இப்போ படிக்கறா. எழுத்துக்கூட்டியாவது படிக்கறா. ஆனா ஒரு வரி தானா எழுத மாட்டேங்கறா. 'நான் எழுதினா யாரு வாசிப்பா'ன்னு கேக்கறா. மத்த குட்டிகள் இருந்தா போட்டிக்காவது எழுதுவா. வீட்டிலே உட்கார்த்தி வெச்சு என்னால ஆகலை. கிளாஸ் போயிட்டா இவ அவ்வளவுதான்."

"பழைய வில்லனைக் கொண்டுவந்துடேன்" என்றாள் என் மனைவி.

"தீர்மானம் இருக்கே மாமி. மீறினா அறை போயிடும்."

"அதை மாத்தச் சொல்லேன்."

"ஒரு தடவை நிறைவேறின தீர்மானத்தை ஒரு வருஷத்துக்கு மறுபரிசீலனை பண்ணப்படாதாம்."

"எந்த மடையன் இப்படியொரு சட்டம் எழுதினான்?" என்று கேட்டுவிட்டு என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பதில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே நான் விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். தேடிக் கண்டுபிடிக்க அவசியமே இல்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாத எதையும் தீர்மானமாகப் போட வேண்டுமானால் ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். ஓணக் கூட்டத்தில் தலைவர் அப்படித் தரவில்லை. அன்றே எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் நம்மைக் கௌரவிக்க எழுந்து நிற்கும்போது, உட்காருங்கள், அறிவிப்பு எங்கே என்று கேட்க எந்த மனிதனுக்கும் நாக்கு எழாது. வில்லனாயிருந்தால் எழும். நான்தான் அப்போது நல்லவனாக்கப்பட்டுக்கொண்டிருந்தேனே.

செல்லாத தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியதில்லை. செல்லாது என்று சொன்னால் போதும். ஆனால் அதை யார் சொல்வது? என் மரியாதைக்காகப் போட்ட தீர்மானத்தை நானே எழுந்து, எல்லார் முன்னாலும், நொட்டை சொல்லிக் கவிழ்க்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் இந்தத் தெருவில் எனக்கு இனி ஜென்மத்துக்கும் நல்ல பெயர் கிடையாது.

பொங்கலன்று காலைக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் அங்கேயே சாப்பாடு என்பது வழக்கம். சமையல்காரர்கள் கீழே சர்க்கரைப் பொங்கலை இறக்கிவிட்டார்கள். நெய்யும் ஏலக்காயும் மாடிப்படி ஏறி வந்தன. தலைவர் வழக்கத்தைவிட வேகமாக வாசித்துக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் வகுப்பு என்று அவர் சொல்லி முடித்ததும் நான் எழுந்தேன்.

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்றேன்.

சபை முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. பழைய முனகல். நாலு மாதமாக அதைக் கேட்காமல் என் காது ஏங்கிப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஓணக் கூட்டத்திலே போட்ட வில்லன் தீர்மானம் செல்லாது. ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கலை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், அது உம்ம மரியாதைக்காகப் போட்டது!"

"மரியாதைக்கும் ஏழு நாள் நோட்டீஸ் வேணும்."

"நாலு மாசம் கழிச்சா இதைச் சொல்றீர்?"

"செல்லாத்தனத்துக்குக் காலாவதி கிடையாது."

"பொங்கல் ஆறிண்டிருக்கு, ஸ்வாமி!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அலறினார்.

"ஆறட்டும். இன்னும் ஒரே ஒரு விவரம் இருக்கு" என்றேன். செல்லாத தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டதால்தான் வகுப்பில் ஆள் குறைந்தது. ஆகவே அந்த நாலு மாத வருகையைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே ஆள் வரவில்லை என்ற காரணமே சபையின் முன் இல்லை. ஆகவே அறையை வேறு ஒன்றுக்குத் தர இப்போது வழியில்லை. கம்ப்யூட்டர் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதற்கும் முறையான அறிவிப்பு வருமானால். ஒவ்வொரு 'ஆகவே'க்கும் விதியைப் படித்துக் காட்டினேன், மெதுவாக, தெளிவாக.

"இந்த மனுஷனை நல்லவராக்கணும்னு தீர்மானம் போட்ட என்னைச் சொல்லணும்" என்றார் தலைவர். ஆனாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். செல்லாது என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார். அதை எழுதும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. கீழே பொங்கல் கட்டி தட்டிப்போயிருந்தது. பந்தியில் எனக்கு இரண்டு பக்கத்து இலைகளும் காலியாகவே இருந்தன. பரிமாற வந்தவன் எனக்கு மட்டும் முந்திரி இல்லாத பக்கமாகப் பார்த்துக் கரண்டியை விட்டான்.

கை கழுவப் போகும்போது குழாயடியில் குழந்தைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருந்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியின் முதுகில் குத்தி, "நான் பறஞ்சேன்ல? எல்லாம் அபிநயம்னு!" என்றாள்.

இரண்டு வாரத்தில், நம் தையும் மலையாளத்து மகரமும் பாதி தாண்டியபோது, அடுத்த இதழ் வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் ஒரு வேலை செய்திருந்தாள். மலைக்கு மேல் சூரியன் பாதி எழுந்து நிற்கிறது. வில்லன் கையை நீட்டித் தடுக்கிறான். அவன் வாயருகே இருந்த பேச்சுக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். என்ன கேட்டு நிறுத்தினான் என்பதைக் குழந்தைகள்தான் எழுத வேண்டும்.

அறை நிறைந்திருந்தது. ஜன்னல் திண்டில்கூட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிரிக்கெட் கோஷ்டியின் தலைவன், நேற்று போன இடத்துக்கு விளக்கம் எங்கே என்று சூரியனைக் கேட்டிருந்தான், 'விளக்கம்' என்பதில் பாதி மலையாள எழுத்து. நான் சாவியோடு வாசலில் நின்றேன். சங்கச் சொத்து இருக்கும் அறையில் கூட்டம் அதிகமானால் கண்காணிக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான்.

மகள் கடைசி வரிசையில் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். தாயார் அந்தப் பக்கம் போகவே இல்லை. கரும்பலகையை, அதில் ஒன்றும் எழுதியிராதபோதும், அழித்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் வாசித்து முடித்தபின் அந்தப் பெண் எழுந்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தான் எழுதியதைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"வெ... ளி... ச்... சம் யா... ரு... க்கு? பெ... யர்... கள் தே... வை."

தாயாரின் கையில் இருந்த துடைப்பான் நின்றுவிட்டது. அறையில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வில்லனின் அபிப்பிராயம் என்ன என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. நான் உள்ளே போய் தாளை வாங்கினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு நல்ல ஆட்சேபம் எனக்குத் தோன்றியதில்லை. யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. சூரியன் ஆயுளுக்கும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"தேதி போடலை" என்றேன்.

கைதட்டல் குளத்தங்கரை வரை கேட்டிருக்கும். அந்தப் பெண் தாளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா முனையைக் கடித்தாள். பிறகு தலையைத் தூக்கி, "அம்மா, மகரத்துக்குத் தமிழிலே எந்தா எழுதணும்?" என்று கேட்டாள்.